மாமனாரின் பொட்டாசியம்

1

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், மனித குலத்தின் சிந்தனைப் போக்கையே புரட்டிப் போடப்போகிற ஒரு படைப்பு இந்தப் பக்கத்தில் தொடங்குகிறது. படிப்பவர்கள் கைபேசியை அணைத்துவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, முடிந்தால் முகம் கழுவிக்கொண்டு வரவும். இதயம் பலவீனமானவர்களும் விமர்சகர்களும் மருத்துவரைக் கலந்துகொண்டு படிப்பது நல்லது.

கதை, ரத்தம் எடுக்கும்போது கையை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைப் பற்றியது.

அறிவிப்புக்கும் விஷயத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் இருக்கிறதே என்று உங்களுக்குப் பட்டால், நீங்கள் எந்தப் பொதுக்கூட்டத்துக்கும் போனதில்லை என்று அர்த்தம். உங்களுக்கு என் வாழ்த்துகள்.

இது எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மாதம் வழக்கமான பரிசோதனைக்காக ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரத்தம் எடுக்கிற பெண்மணி என் புஜத்தில் ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு இரண்டே இரண்டு வாக்கியங்கள் சொன்னார். ஒவ்வொன்றிலும் இரண்டு சொற்கள். (அவை என்ன என்பதை ஏழாம் பகுதிக்கு ஒதுக்கிவைத்திருக்கிறேன். இப்போதே கொட்டிவிட்டால் மீதியை நீங்கள் எதற்குப் படிக்கப்போகிறீர்கள்.) அதைச் சொன்ன விதத்தில் எந்தக் கோபமும் இல்லை, எந்தக் குழைவும் இல்லை. பேருந்தில் நடத்துநர் "உள்ள போங்க" என்பது போலச் சொன்னார். நான் உடனே கீழ்ப்படிந்தேன். வேலை முடிந்ததும், இவ்வளவு கண்டிப்பு ஏன் என்று கேட்டேன்.

"அது பெரிய கதை சார்," என்றார். பஞ்சை வைத்து என்னையே அழுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

எழுதிப் பிழைக்கிறவனிடம் "அது பெரிய கதை" என்று சொல்லி அனுப்புவது, நாயிடம் எலும்பைக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்துவது மாதிரி. பஞ்சை அழுத்திக்கொண்டே வாசலுக்கு வருவதற்குள் அந்தப் பெண்மணிக்கு ஒரு குடும்பத்தையே கட்டி முடித்துவிட்டேன். ஆகவே கீழே வருவது முழுக்கக் கற்பனை. அந்த இரண்டு வாக்கியங்கள் மட்டும் நிஜம். அவை குடியிருப்பதற்காகக் கட்டிய வீடு இது. சுவர் சற்றுக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

2

தொடக்கங்கள்.

"ரத்தம் என்பது வெறும் திரவம் அல்ல, அது தலைமுறைகளின்

வேண்டாம். தலைமுறைகளின் என்ன என்று எனக்கே தெரியவில்லை.

"அதிகாலையின் இளம் ஒளி சாளரத்தின் வழியே நுழைந்து ஊசி முனையில் முத்தமிட

அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. குழல் விளக்குதான். அது முத்தமிடாது, கண் சிமிட்டும்.

"அவளை எல்லோரும் கொசு என்றுதான் கூப்பிட்டார்கள்."

இது நிற்கும்.

அவளை எல்லோரும் கொசு என்றுதான் கூப்பிட்டார்கள். இளையவர்கள் கொசு அக்கா என்றார்கள். கடித்தது தெரிவதற்குள் குடித்துவிட்டுப் போயிருப்பாள் என்ற பொருளில் கூட வேலை செய்கிறவர்கள் பாராட்டாக வைத்த பெயர். அவளும் அதைப் பட்டமாகவே வாங்கிக்கொண்டாள். தொட்டதும் வீறிடுகிற குழந்தை, நரம்பே தட்டுப்படாத பருத்த கை, ஊசியைக் கண்டதும் வெளிறிப்போகிற மீசைக்காரர் என்று யாருக்காவது ரத்தம் எடுக்க முடியாவிட்டால் "கொசுவைக் கூப்பிடு" என்பார்கள்.

அவளுக்கு நாற்பதைத் தாண்டிய வயது. குட்டையான உருவம், பெரிய கைக்கடிகாரம். தொழில் விஷயத்தில் மகா பிடிவாதக்காரி. பெயரை நாம் சொல்லி "நீங்கதானே அவர்" என்று கேட்கக் கூடாது, அவரைத்தான் சொல்ல வைக்க வேண்டும் என்பாள். வெறும் வயிற்றோடு காத்திருந்து களைத்தவர் எந்தப் பெயருக்கும் தலையாட்டுவார். குழாயில் சீட்டு ஒட்டுவதை, அந்த ஆள் நாற்காலியைவிட்டு எழுவதற்குள், அவர் கண் முன்னாலேயே செய்ய வேண்டும். ஊதா மூடிக் குழாயில் கூடுதலாக இருக்கிறதே என்று சிவப்பு மூடிக் குழாயில் ஊற்றி அளவைச் சரிக்கட்டினால் அவளுக்குக் கெட்ட கோபம் வரும். ஒவ்வொரு குழாயிலும் உள்ள மருந்து வேறு. குழாயைக் குலுக்கவும் கூடாது. தூங்குகிற குழந்தையைத் தோள் மாற்றுவது போலக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பட்டை கட்டியிருக்கும்போது கையை மூடி மூடித் திறக்கக் கூடாது.*

* அடிக்குறிப்பு, ஆனால் இடுப்பு உயரத்தில் வருகிறது: "நல்லா மூடி மூடித் திறங்க" என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நரம்பு புடைத்துக்கொண்டு வரும், பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் பட்டையால் இறுக்கிய கையில் தசைகள் உழைத்தால், அவற்றிலிருந்து பொட்டாசியம் என்கிற உப்பு கசிந்து, நாம் எடுக்கிற ரத்தத்தில் சேர்ந்துவிடும். உடம்பில் இல்லாத வியாதி குழாய்க்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். பொட்டாசியம் உண்மையிலேயே எகிறினால் இதயம் நின்றுபோகலாம் என்பதால், அந்த எண்ணைப் பார்த்தால் எந்த டாக்டரும் விளையாட மாட்டார். இந்தக் கதைக்கு வேண்டிய மருத்துவம் அவ்வளவுதான். இனிமேல் சண்டை சச்சரவுக்குப் போகலாம்.

3

மாமனாரிடம் வந்து சிக்கிக்கொண்டேன்.

முதலில் நான் செய்த மாமனார் வில்லன். தட்டை வீசுவார், கண்ணை உருட்டுவார். அவரைக் கிழித்துப் போட்டேன். அவருக்கு வியாதி என்று வந்தால் நீங்கள் சந்தோஷப்படுவீர்கள், கதை அங்கேயே படுத்துவிடும். இரண்டாவது மாமனார் பரம சாது. அவரிடம் மருமகள் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், எனவே கதையே இல்லை. மூன்றாவது மாமனாரை நான் செய்யவில்லை. அவராகவே உள்ளே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பேச ஆரம்பித்துவிட்டார். இன்னும் நிறுத்தவில்லை.

குடிநீர்த் துறையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குடியிருக்கிற அடுக்குமாடியில் குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவர். எதிர்த்து நின்றவர் எதிர் வீட்டுக்காரர் ஒருவர்தான், அவரும் பேச்சைக் கேட்டுக் களைத்து விலகிவிட்டார். அதிலிருந்து மாடிக்கெல்லாம் அவர் "தலைவர்". காலப்போக்கில் வீட்டுக்குள்ளும் அதுவே நிலைத்துவிட்டது.

தலைவர் கெட்டவர் இல்லை. யார் வீட்டில் குழாய் ஒழுகினாலும் ரெஞ்சோடு முதலில் போய் நிற்பவர் அவர்தான். ஆனால் ஒழுகலை நிறுத்துவதற்கு முன்னால் ஒழுகலைப் பற்றிப் பேசுவார். மொட்டைமாடித் தொட்டியைக் கழுவும் தேதியை அறிவிக்கும்போதுகூட, ஏதோ கோட்டையைப் பிடிக்கக் கிளம்புகிற தளபதி மாதிரி அறிவிப்பார். பேச்சோடு வலது கை முஷ்டியும் வேலை செய்யும். கமாவுக்கு அரை மடக்கல், முற்றுப்புள்ளிக்கு முழு மடக்கல். ஆச்சரியக்குறி வந்தால் பக்கத்தில் உள்ள டம்ளரை எடுத்துவிடுவது புத்திசாலித்தனம்.

மாமியார் காது கேட்கும் மெஷின் வைத்திருந்தார். அதில் ஒரு சின்னச் சக்கரம் உண்டு. கணவர் வாயைத் திறந்ததும் விரல் அந்தச் சக்கரத்துக்குப் போய்விடும். (இந்த அம்மாளைப் பற்றித் தனியாக ஒரு கதை எழுதலாம். அவர்தான் இந்த வீட்டின் தத்துவஞானி.) கொசுவின் கணவன் லிஃப்ட் மெக்கானிக். நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம் "பொறுமையா இருங்க, சரியாயிடும்" என்று சொல்லிச் சொல்லி, வீட்டிலும் அதையே சொல்லப் பழகியவன். மாட்டிக்கொண்டிருப்பது தன் மனைவி என்று அவனுக்குத் தோன்றியதில்லை.

தினமும் காலையில் தலைவர் பத்திரிகையைச் சத்தமாகப் படிப்பார், விரிவுரையோடு. மாமியார் சக்கரத்தைத் திருப்பிவிடுவார். மகன் எங்கோ லிஃப்ட் நின்றுவிட்டதென்று கிளம்பிவிடுவான். மிச்சம் இருப்பது கொசுவின் இரண்டு காதுகள்.

இந்த நேரத்தில்தான், பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் பிரிவு முழுவதற்கும் அவளைப் பொறுப்பாளராக இருக்கச் சொன்னார்கள். அவள் பல வருஷமாக உள்ளூர ஆசைப்பட்ட வேலை. நாற்காலிகளை எப்படித் திருப்பிப் போட வேண்டும், புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வாரம் ஊசியையே கொடுக்காமல் எதைக் கற்றுத்தர வேண்டும் என்றெல்லாம் பாத்திரம் தேய்க்கும்போது மனதுக்குள் நடத்திப் பார்த்திருக்கிறாள். ஒரே சிக்கல், பொறுப்பாளர் என்றால் காலையில் பத்திரிகை வருவதற்கு முன்பே வேலைக்குப் போய்விட வேண்டும்.

தலைவர் தடுக்கவில்லை. "நான் தடுக்கலைம்மா, நல்லா யோசிச்சு முடிவெடு" என்றுதான் சொன்னார். அந்த வீட்டில் அதற்கு முடியாது என்று அர்த்தம். பொறுமையா இரு, சரியாயிடும் என்றான் கணவன். பரிசோதனைக் கூடத்தை நடத்துகிற பெரியவருக்கு அவள் இன்னும் பதில் சொல்லவில்லை.

4

தலைவர் வருஷாந்திரப் பரிசோதனைக்கு வந்தார். சலவை மடிப்புச் சட்டையோடு, ஏதோ கிளையைத் திறந்துவைக்க வந்தவர் போல. "உங்க மாமனாருக்கு நீங்களே எடுங்கக்கா" என்று மற்றவர்கள் நைசாக நழுவிக்கொண்டார்கள்.

"பேர் சொல்லுங்க மாமா," என்றாள் கொசு, தொழில் தர்மப்படி.

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்மா, பேர் தெரியாத ஆளுக்கா இத்தனை வருஷமா காபி போட்டுக் குடுக்கறே?"

இருந்தாலும் சொன்னார். முதலெழுத்து, பெயர், படிப்பு, வகித்த பதவிகள், வகிக்கிற பதவி. சீட்டில் இடம் போதாது.

அவள் பட்டையைக் கட்டினாள். அந்த நேரம் பார்த்தா அவர் கண்ணில் சுவரின் மூலையில் இருந்த ஈரக்கறை பட வேண்டும். (நான்தான் வைத்தேன். வேறு வழியில்லை.) ஈரம் எங்கிருந்து வருகிறது, மேல்மாடிக் குழாயை இணைத்தவன் என்ன தப்புச் செய்திருப்பான், நாட்டில் தொண்ணூறு சதவீத நோய்களுக்கும் இணைப்புகளே காரணம் என்று ஆரம்பித்துவிட்டார். பட்டை கட்டிய கையின் முஷ்டி மூடித் திறந்தது. கமா. கமா. முற்றுப்புள்ளி.

வேறு யாராக இருந்தாலும் அவள் அப்போதே நிறுத்தியிருப்பாள். பட்டையை அவிழ்த்து, சற்றுப் பொறுத்து, மறுபடி கட்டியிருப்பாள். நூறு பேரிடம் சொன்ன இரண்டு வாக்கியங்கள் நாக்கின் நுனி வரை வந்தன. அங்கேயே நின்றுவிட்டன.

ஏன் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். இந்த இடத்தில் அவளைப் பேசவைக்க மூன்று முறை எழுதிப் பார்த்தேன். பேச மறுத்துவிட்டாள். அவள் பக்கம் நியாயம் இருக்கிறது. அந்த வீட்டில் "மாமா" என்று தொடங்கிய வாக்கியங்கள் எல்லாம் "காபி வேணுமா" என்றுதான் முடிந்திருக்கின்றன. திடீரென்று ஒருநாள் அதற்கு வேறு முடிவு வைக்கச் சொன்னால் வாய்க்கு எப்படி வரும். போதாக்குறைக்கு, பட்டையை அவிழ்த்துத் திரும்பக் கட்டினால், இவர் ஈரக்கறையையும் முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவாரோ என்ற பயம்.

ஆகவே அவர் பேச்சு மேல்மாடியிலிருந்து கீழ்மாடிக்கு இறங்கிவரும் வரை பட்டை இருந்தது. நரம்பு கயிறு மாதிரி புடைத்து நின்றது. எடுத்தாள். வலி துளிகூட இல்லை. மற்ற எல்லாவற்றையும் இம்மி பிசகாமல் செய்தாள். வரிசைப்படி குழாய், மெதுவாகக் கவிழ்த்தல், அவர் கண் முன்னாலேயே சீட்டு. பிசகியது கை அல்ல, நாக்கு.

"வலிச்சுதா மாமா?"

"எனக்கா?" என்றார் தலைவர். முஷ்டி மடங்கியது.

5

சாயங்காலம் எண் வந்தது. ஆறு புள்ளி நான்கு. ஐந்தைத் தாண்டினாலே புருவத்தை உயர்த்துகிற சமாச்சாரம்.

குழாயைக் குலுக்கியிருந்தால் ரத்த அணுக்கள் உடைந்து, மேலே பிரிந்து நிற்கும் தெளிநீர் சிவந்திருக்கும், மெஷினே சந்தேகப்பட்டிருக்கும். இங்கே தெளிநீர் பளிச்சென்று இருந்தது. முஷ்டி தடயம் விடாத திருடன்.

தலைவர் சாப்பிடுகிற ரத்த அழுத்த மாத்திரையும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய ரகம். அவருடைய டாக்டர் உடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிவிட்டார். கொசு வேலையிலிருந்து நேராக ஓடியபோது, பச்சைத் திரை போட்ட கண்காணிப்பு அறையில் அவரைப் படுக்கவைத்து மார்பில் வயர்களை ஒட்டியிருந்தார்கள். மாமியார் ஸ்டூலில். கணவன் கட்டில் கால் பக்கம் நின்று பொறுமையாக இருக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். இதயத்தின் கோடு ஒழுங்காகத்தான் ஓடியது. ஆனாலும் அந்த எண்ணை வைத்துக்கொண்டு விளையாட முடியாது என்றார் டாக்டர். பொட்டாசியத்தை இறக்குகிற மருந்தோடு டிரிப் பாட்டில் கம்பியில் ஏறிவிட்டது. கையில் மாட்டவில்லை, அவ்வளவுதான் பாக்கி.

அவளுக்கு எண்ணைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. ஈரக்கறை கண்ணில் வந்தது. கமாக்கள் வந்தன. இல்லாத பொட்டாசியத்தை இறக்கப்போகிற மருந்து, இருக்கிற பொட்டாசியத்தை இறக்கும், அதுவும் இதயத்துக்கு ஆபத்து என்பதும் தெரிந்தது. வாயைத் திறந்தாள்.

அதற்குள் தலைவர் பேசிவிட்டார். மெதுவாக. கை இரண்டும் போர்வைக்குள் இருந்தன.

முதலில் மகனிடம், சங்கத் தலைவர் பதவியை எதிர் வீட்டுக்காரரே எடுத்துக்கொள்ளட்டும், நல்ல மனுஷன் என்றார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பி, ஒருநாளும் உன்னைப் பேசவிட்டதில்லை, மன்னிச்சுக்கோ என்றார். மாமியார் சக்கரத்தைக் கூட்டிவைத்து, "என்ன சொன்னீங்க?" என்றார். அவர் திரும்பவும் சொன்னார், கோபமே இல்லாமல். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு கொசுவைப் பார்த்தார்.

"அந்தப் பொறுப்பாளர் வேலையை எடுத்துக்கோம்மா. பேப்பரை நான் மனசுக்குள்ளேயே படிச்சுக்கறேன்."

கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பார்கள். இங்கே கல்லும் நாயும் ஒன்றாக வந்து நின்றன. அது போதாதென்று டாக்டர் வேறு, டிரிப்பை மாட்டுவதற்கு முன்னால் சம்பிரதாயமாக ஒரு கேள்வி கேட்டார்: "ரத்தம் சரியா எடுத்ததுதானே? சில சமயம் எடுக்கறதுலேயே தப்பு வரும்."

"என் மருமக எடுத்தது டாக்டர்," என்றார் தலைவர், படுத்தபடியே. "அவ கையில தப்பே வராது."

கல்யாணமாகி வந்த நாள் முதல் அவர் வாயிலிருந்து அவளுக்குக் கிடைத்த முதல் பாராட்டு.

6

இங்கே பேனாவை வைத்துவிட்டு மொட்டைமாடியில் உலாத்தினேன்.

நியாயமாகப் பார்த்தால் இப்போதே அவள் உண்மையைச் சொல்ல வேண்டும். ஆனால் சொன்னால் என்னவெல்லாம் போகும் என்று பாருங்கள். முதல் பாராட்டு வந்த சூடு ஆறுவதற்குள் போகும். உயிர் பயத்தில் கிடைத்த சம்மதம், பயம் போனதும் போகும். ரத்தம் எடுக்கும் பிரிவுக்குப் பொறுப்பாளராகப் போகிறவள் தன் வீட்டு ஆளுக்கே தப்பாக எடுத்தாள் என்று தெரிந்தால் அந்தப் பதவியும் போகலாம். யானை வாய்க்குள் போன கரும்பு.

ஆகவே அவளுக்காகக் குறுக்கு வழிகள் தேடினேன்.

வழி ஒன்று: மெஷின் மேல் பழியைப் போடுவது. "மெஷின் காலையிலிருந்தே சரியில்லை டாக்டர்." மெஷினுக்கு வாய் கிடையாது, எதிர்த்துப் பேசாது. எழுதிப் பார்த்தேன். கொசுவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அடித்துவிட்டேன்.

வழி இரண்டு: ஒன்றும் சொல்லாமல், "எதுக்கும் இன்னொரு தடவை எடுத்துப் பார்த்துடலாம் டாக்டர்" என்று பூசி மெழுகுவது. புதுக் குழாயில் எண் சரியாக வரும், டிரிப் இறங்கிவிடும், யாருக்கும் எதுவும் தெரியாது, பாராட்டும் சம்மதமும் பத்திரம். இதைக் கண்டுபிடித்ததும் நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன். அவளும் இதைத்தான் நினைத்தாள். "எதுக்கும்" என்று ஆரம்பித்தும்விட்டாள்.

அப்போதுதான் இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. இரண்டாம் தடவை எடுத்தாலும் அது அதே மனிதரின் அதே கை. பிழைத்துவிடுவோம் என்று தெரிந்த நிமிஷமே அவர் பேசத் தொடங்குவார். பேசினால் முஷ்டி மடங்கும். முஷ்டி மடங்கினால் மறுபடி ஆறு புள்ளி நான்கு, அதற்குமேல் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். டிரிப் ஏறிவிடும். கையை மடக்காதே என்று சொல்லாமல் அந்தக் கையிலிருந்து நல்ல ரத்தம் எடுக்க முடியாது. அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்பதற்குப் பதில் சொன்னால் எல்லாம் வெளியே வந்துவிடும்.

(மூன்றாவது வழியாக மயக்க மருந்து கொடுப்பதைப் பற்றியும் யோசித்தேன். வெட்கமாக இருக்கிறது, விட்டுவிடுங்கள்.)

7

"டாக்டர்," என்றாள் கொசு. "அதை மாட்டாதீங்க. நான் எடுத்ததுதான் தப்பு."

பிறகு சொன்னாள். பட்டையை அளவுக்கு மேல் விட்டு வைத்ததை, கட்டியிருந்த நேரமெல்லாம் கை மூடித் திறந்ததை, அதைத் தான் பார்த்துக்கொண்டே நின்றதை, யார் செய்தாலும் நிறுத்தியிருப்பேன், இவரை நிறுத்த எனக்கு வாய் வரவில்லை என்பதை. யார் மேலும் பழி போடவில்லை, தன் மேலும் அதிகமாகப் போட்டுக்கொள்ளவில்லை. தொழில் பாஷையில், வரிசையாகச் சொல்லி முடித்தாள். கூடத்தின் பெரியவரிடமும் இன்றைக்கே சொல்லிவிடுவேன் என்றாள்.

டாக்டர் திட்டவில்லை. டிரிப்பின் குழாயைச் சுருட்டிக் கம்பியில் தொங்கவிட்டார். உடனே இன்னொரு தடவை எடுத்து அனுப்பச் சொன்னார்.

"வேற யாரையாவது எடுக்கச் சொல்லட்டுமா?" என்றாள்.

"தப்பு எங்கே நடந்ததுன்னு தெரிஞ்ச ஆள் நீங்கதான். நீங்களே எடுங்க."

தலைவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கக் கேட்க அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது. சாவு தலைக்கு வந்து தலைப்பாகையோடு போயிற்று என்பது புரிய ஒரு கணம் ஆனது. அது வந்தது தன் பேச்சினால் என்பது புரிய இன்னொரு கணம். முதல் கணத்தில் சந்தோஷப்பட்டார். இரண்டாவது கணத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

கொசு புது ஊசியையும் குழாய்களையும் தட்டில் எடுத்துவைத்தாள். பெயரைக் கேட்டாள். இந்தத் தடவை பெயரை மட்டும் சொன்னார், முறைத்துக்கொண்டு. ஸ்பிரிட் தடவினாள், அது உலரும் வரை நின்றாள். பட்டையைக் கட்டினாள்.

"ஆக," என்றார் தலைவர். "நான் பேசினதாலதான் எனக்கு இந்த வியாதின்னு நீ சொல்ல வர்றே. இத்தனை வருஷம் பொதுவாழ்க்கையில இருந்தவன், நான் வாயைத் திறந்தா–"

முஷ்டி மடங்கத் தொடங்கியது. கமா.

கொசு அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தாள். கை என்றால் அவளுக்குப் பயமில்லை. எத்தனையோ கைகளைப் பார்த்தவள். பேருந்து நடத்துநர் போல, கோபமும் இல்லாமல் குழைவும் இல்லாமல் சொன்னாள்:

"கையைத் திறங்க. வாயை மூடுங்க."

மகன் சுவரைப் பார்த்தான். டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். தலைவரின் கை ஒவ்வொரு விரலாக விரிந்தது. வாய் மூடியது.

அந்த அறையில் என்ன கேட்டது என்று எழுத முயன்றேன், முடியவில்லை. ஒன்றும் கேட்கவில்லை. மாமியார் காதிலிருந்து மெஷினைக் கழற்றி, உள்ளங்கையில் தட்டி, திரும்ப மாட்டிக்கொண்டு, மகனிடம் கவலையோடு கேட்டார்: "பேட்டரி போயிடுச்சாடா?"

ரத்தம் குழாயில் அமைதியாக ஏறியது. ஏறத் தொடங்கியதுமே பட்டையை அவிழ்த்துவிட்டாள்.

8

ஒரு மணி நேரத்தில் எண் வந்தது. நாலு புள்ளி இரண்டு. உங்களுக்கும் எனக்கும் இருப்பதைவிட நல்ல பொட்டாசியம். டாக்டர் வயர்களைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

தலைவர் சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டார். மருமகள் பக்கம் திரும்பினார். தொண்டையைச் செருமினார்.

இந்த இடத்தில் அவரை நிறுத்திவைத்திருக்கிறேன். என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. எழுதிப் பார்த்தவற்றை வேண்டுமானால் தருகிறேன், பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

"சாகப்போறேன்னு நினைச்சுச் சொன்னது கணக்குல வராது. வேலை விஷயத்தை நல்லா யோசிச்சு முடிவெடு." – யதார்த்தவாத வாசகர்களுக்கு.

"சொன்னது சொன்னதுதான். நாளையிலிருந்து காபியை நானே போட்டுக்கறேன்." – மனிதகுலத்தின் மீது இன்னும் நம்பிக்கை வைத்திருப்பவர்களுக்கு. (என் மனைவி இதைத்தான் எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொண்ட கையோடு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.)

அடுத்த சங்கக் கூட்டத்தில், ரத்தம் எடுக்கும்போது முஷ்டியை மடக்கக் கூடாது என்ற தனது மாபெரும் கண்டுபிடிப்பைப் பற்றி, முஷ்டியை மடக்கி மடக்கி விரிவாக உரையாற்றுவார். – இது எனக்குப் பிடித்தது. ஆனால் எனக்குப் பிடித்ததையெல்லாம் கதையில் வைத்தால் நானும் தலைவர்தான்.

பதவி? தன் தப்பைத் தானே வந்து சொன்னவளைப் பொறுப்பாளர் ஆக்குவதா, தப்பு செய்தவளை ஆக்குவதா என்று கூடத்தின் பெரியவர் யோசித்துக்கொண்டிருக்கிறார். இருவரும் ஒரே ஆள் என்பதுதான் அவருடைய சங்கடம். நீங்கள் அவர் நாற்காலியில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். அதுதான் முடிவு. அவள் நாற்காலிகளைத் திருப்பிப் போட வேண்டும் என்பது என் விருப்பம், ஆனால் எனக்கு ஓட்டு இல்லை.

கடைசியாக ஒன்று. நேற்று மறுபரிசோதனைக்குப் போயிருந்தேன். அதே அறை, அதே பெண்மணி. பெயர் கேட்டார், சொன்னேன். பட்டையைக் கட்டினார், அந்த இரண்டு வாக்கியங்களைச் சொன்னார், கீழ்ப்படிந்தேன். பஞ்சு வைத்த பிறகுதான் வாயைத் திறந்தேன். மாமனார், ஈரக்கறை, முதல் பாராட்டு, மாமியாரின் பேட்டரி என்று இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். குழாயில் சீட்டை ஒட்டிக்கொண்டே கேட்டார். இடையில் ஒருமுறை சிரிக்கவும் செய்தார். நான் சரியான இடத்தில் கைவைத்துவிட்டேன் என்று நெஞ்சு நிமிர்ந்தது. கடைசியில் உங்கள் மாமனார் என்னதான் சொன்னார், வாசகர்கள் காத்திருக்கிறார்கள் என்று கேட்டேன்.

பெரிய கதை என்று சொன்னது, அன்றைக்கு வெளியே வரிசை நீளமாக இருந்ததால் என்றார். பிறகு குழாயை ஒருமுறை கவிழ்த்து நிமிர்த்தித் தாங்கியில் வைத்தார்.

"எனக்குக் கல்யாணமே ஆகலை சார்."